கல்லாவை விட்டு எழுந்திருப்போம்!



இந்த ஏட்டில் வரி பற்றியும், உரிமம் பற்றியும், தராசு முத்திரை பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை நாம் எழுத வந்திருப்பது நடப்பதைப் பற்றி. "மண்டிக்காரருக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் சிரிக்கக் கூடும். சிரித்துவிட்டு முழுவதையும் படியுங்கள். இது எந்த ஐந்தொகையிலும் வராத கணக்கு. ஆனால் இதில் நஷ்டம் வந்தால் மற்ற எல்லாக் கணக்கும் முடிந்தது என்று பொருள்.

எங்கள் மண்டிக்கு எதிரில் பருப்பு வியாபாரம் செய்தவர் நம்மைவிட ஏழு வயது இளையவர். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுவார். சாப்பாடு அங்கேயே, டீ அங்கேயே. நாணயஸ்தர், உழைப்பாளி. 2019-ஆம் ஆண்டு ஆடி மாதம், பில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே கல்லாப்பெட்டியின் மேல் சாய்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போகும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது. பேரேட்டில் ஏறாமல் அவர் மனதிலேயே வைத்திருந்த வரவேண்டிய பாக்கிகள் அவரோடு போயின. தரவேண்டிய பாக்கிகள் மட்டும் வாசலுக்கு வந்து நின்றன. மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். ஆறே மாதத்தில், முப்பது ஆண்டுக் கடை கைமாறியது.

அந்தப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நாமும் இரத்தப் பரிசோதனைக்குப் போனோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 210. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினம் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டு வாசலிலிருந்து கார் வரை, காரிலிருந்து கடை வரை. அவ்வளவுதான்.

இது நம் ஒருவர் கதை அன்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்லுகிறது. உட்கார்ந்தே பிழைக்கும் நம் போன்றவர்கள் அதில் குறைவாகவா இருப்போம்?

அன்று நடந்த வியாபாரம்

நாம் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் வியாபாரமே நடையாகத்தான் இருந்தது. விடியற்காலையில் சால்ட் கோட்டர்ஸ் சரக்குக் கொட்டகைக்கு நடந்து போவோம். வேகன் திறக்கும்போது பக்கத்தில் நின்று, மூட்டையில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் சரக்கைப் பார்த்து, நனைந்த மூட்டையைத் தனியே தள்ளுவோம். தரகர்கள் சாம்பிள் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கும் கொத்தவால் சாவடிக்கும் நாளெல்லாம் நடப்பார்கள். சனிக்கிழமை வசூலும் கால்நடையாகத்தான்.

பிறகு லாரி நேராகக் கிடங்கு வாசலுக்கு வந்தது. தொலைபேசி வந்தது. 1996-இல் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. இப்போது துவரம் பருப்பின் சாம்பிளே கைப்பேசியில் படமாக வருகிறது. வசூலும் அதிலேயே வந்து விழுகிறது. இவற்றை நாம் குறை சொல்லவில்லை. நேரம் மிச்சமாகிறது, செலவும் குறைகிறது. ஆனால் மிச்சமான நேரத்தை எல்லாம் நாற்காலியிலேயே போட்டுவிட்டோம். முன்பு தொழிலே கொடுத்த நடையை இனி நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் கடல்

பணம் கட்டித்தான் உடம்பை அசைக்க வேண்டும் என்பதில்லை. சென்னைக்காரர்களுக்குக் கடற்கரை இருக்கிறது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டப் காலத்தில் அமைந்த மெரினா நடைபாதை இன்றும் நமக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. அந்தக் கடற்கரை இத்தனை அகலமானதற்கே வணிகம்தான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. சரக்குக் கப்பல்கள் நிற்பதற்காகத் துறைமுகச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்காகக் கடல் நீரோட்டம் தள்ளிவந்த மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டு, தென்பக்கம் குவிந்து மெரினா ஆயிற்று. மணல் கிடைக்காத வடபக்கம், ராயபுரம் கரை அரித்துப் போனது. ஆக, வணிகத்துக்காகக் கட்டிய சுவரால் சேர்ந்த மணல் அது. ஊரெல்லாம் அதில் நடக்கிறது. வணிகன் மட்டும் கால் வைப்பதில்லை!

உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் நாளே அவ்வளவும் வேண்டாம். காந்தி சிலையைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தாலும் போதும். தென்சென்னைக்காரர்களுக்குப் பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 8 கிலோமீட்டர் நலநடைப் பாதை இருக்கிறது. வடசென்னைக் கரையில் பெரும்பகுதி கல் கொட்டிக் கிடப்பதால், அங்குள்ளவர்கள் ராயபுரம் ராபின்சன் பூங்கா போன்ற இடங்களைப் பயன்படுத்தலாம்.

வெயில் ஏறுமுன், ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் இடையில் நடப்பது நல்லது. கோடையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகே உள்ளே வரும். ஆகவே மாலை ஐந்துக்கு மேலும் நடக்கலாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அலையில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். அந்தக் கடலின் இழுப்பு ஆண்டுதோறும் உயிர்களை வாங்குகிறது. மணலில் ஓடட்டும், பந்து ஆடட்டும், பட்டம் மட்டும் வேண்டாம். மாஞ்சா நூலால் கழுத்தறுந்தவர்களை இந்த ஊர் மறக்கவில்லை.

கடையை யார் பார்ப்பது?

"எல்லாம் சரி. நாம் போனால் கடையை யார் பார்ப்பது?" இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும் கூட. மண்டிக்காரரான நமக்குக் கணக்குப்பிள்ளை இருக்கிறார். கணவனும் மனைவியுமாக மாறி மாறி நிற்கும் சிறு மளிகைக் கடைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? காலை ஆறுக்குப் பால் பாக்கெட்டோடு திறந்தால் இரவு பத்துக்குத்தான் பூட்டு. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டு வருகிறோம் என்று பெரிய நிறுவனங்கள் வேறு வந்துவிட்டன. ஒரு மணி நேரம் மூடினால் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற பயம் நமக்குப் புரிகிறது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்தப் பெரிய நிறுவனத்தில் ஒரு மேலாளர் படுத்துவிட்டால் மறுநாள் இன்னொரு மேலாளர் வருவார். நம் கடையில் நாம் படுத்துவிட்டால் கடையே படுத்துவிடும். அவர்களுக்கு முதல் பணம். நமக்கு முதல் இந்த உடம்பு. முதலை அழித்து லாபம் பார்க்கிறவனை நாம் வியாபாரி என்று சொல்வோமா?

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். மறுநாள் எந்த வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போய்விட்டார்? முன்கூட்டித் தெரிந்தால் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவர் மட்டும் மூடினால்தான் நஷ்டம். சங்கம் எதற்கு இருக்கிறது? ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் தெருவாரியாகக் கடைகளை மூடுவது என்று முடிவெடுக்க முடியாதா?

தொழிலாளர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாம் உட்கார்ந்தே கெடுகிறோம், அவர்கள் நின்றே கெடுகிறார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. இன்னும் எத்தனை கடைகளில் ஒரு ஸ்டூல் கூட இல்லை! 2019-இல் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகளை 365 நாளும் திறக்கலாம் என்று அரசாணை வந்தபோதும், ஊழியருக்கு வார விடுமுறை உண்டு என்றே சொல்லப்பட்டது. முதலாளி தனக்கும் விடுமுறை எடுக்க வேண்டும் என்று மட்டும் யாரும் வற்புறுத்துவதில்லை. அதை நமக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி பெரியவர்களுக்கு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள் ஒன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம் கூட வராது. கடையை மூட முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். அடுத்த தெருவுக்குச் சரக்குக் கொண்டு போகப் பையனை வண்டியில் அனுப்பாமல் நாமே சைக்கிளில் போகலாம். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நம் முகமும் தெரியும். எந்தப் பெரிய நிறுவன முதலாளியும் அப்படி வந்து நிற்கப் போவதில்லை.

நமக்கு இப்போது வெறும் வயிற்றில் சர்க்கரை 120-க்குள் நிற்கிறது. மாத்திரையும் உண்டு, நடையும் உண்டு. எதிர்க்கடைக்காரரையும் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதாந்திரக் கூட்டத்தை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, போண்டா சாப்பிட்டு நடத்தியது போதும். வரும் மாதத்திலிருந்து முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்குக் காந்தி சிலை அருகே கூடுவோம். வரிப் பிரச்சினையையும் வாடகைப் பிரச்சினையையும் நடந்துகொண்டே பேசுவோம். நாம் அங்கே நிற்போம். நீங்களும் பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.