துப்புரவு வேனுக்கு மின்சாரமே பொருந்தும்

சென்னையில் வீடு தேடி வந்து காரும் சோபாவும் தண்ணீர்த் தொட்டியும் சுத்தம் செய்து தருகிறவர்கள் டீசலை விட்டு மின்சார வேனுக்கு மாறுவதே நல்லது. அவர்களுடையது நெடுந்தூர ஓட்டம் அல்ல. அண்ணா நகர், முகப்பேர், போரூர் என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஓட்டம். அந்த நெரிசலில் டீசல் வீணாக எரியும். மின்மோட்டாரோ பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தை மீட்டுக்கொள்ளும். நாளுக்கு 50 கி.மீ. ஓட டீசல் 3 லிட்டராவது வேண்டும். சிறிய மின்சார வேனுக்குச் சுமார் 10 யூனிட் போதும். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 100 ரூபாய்தான்.

தண்ணீர்ச் சுமையைத் தாங்குமா என்பது நியாயமான கேள்வி. 300 லிட்டர் என்றால் 300 கிலோ. 2022-இல் அறிமுகமான டாடா ஏஸ் இவி 600 கிலோ ஏற்றும். சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கி.மீ. சுமையாலும் வெயிலாலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் 100 கி.மீ. மிஞ்சும். பிரஷர் பம்புக்குத் தனி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்துவிட்டால் பெட்ரோல் ஜெனரேட்டர் தேவையில்லை. அடித்தளப் பார்க்கிங்கில் அதன் புகை வெளியேற வழியின்றித் தேங்கும். குனிந்து சக்கரம் தேய்க்கிற தொழிலாளிதான் அதைச் சுவாசிக்கிறார். எரிபொருள் மிச்சத்தைவிட இதையே பெரிய காரணமாக நினைக்கிறேன்.

உண்மையான தடை, வண்டியின் விலையும் இரவில் சார்ஜ் போட இடமும். தெருவோரம் வண்டி நிறுத்தும் வாடகைவாசியை, பொது சார்ஜரை மட்டும் நம்பி வாங்கச் சொல்ல மாட்டேன். வங்கிகள் மாதாந்தர எரிபொருள் மிச்சத்தையும் வருமானமாகக் கணக்கிட்டுக் கடன் தர வேண்டும். வேலை நடக்கும் நேரத்தில் அடுக்ககச் சங்கங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு பிளக் பாயிண்டைத் திறந்துவிடலாம்.