முகத்து மங்கும் அவசர வைத்தியமும்

பலேர்மோவில் வாழும் எமது பெண்கள் பலரின் கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் கபில நிறத்திற் படர்ந்திருக்கும் மங்கை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். உயிருக்கு ஆபத்தில்லாத இந்நிறமாற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு எனச் சிலர் கேட்கக்கூடும். மங்கினால் ஆபத்தில்லை, அதனைப் போக்க நாம் காட்டும் அவசரத்தினாலேயே ஆபத்து.

எமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் மகளின் திருமணத்திற்கு முன் முகத்தைச் சீராக்க விரும்பினார். ஊரிலிருந்து வந்த ஒருவர் பயணப்பெட்டியிற் கொணர்ந்த, உள்ளடக்கம் குறிப்பிடப்படாத கிறீமைச் சில மாதங்கள் பூசினார். முகம் வெளுத்தது. பூசுவதை நிறுத்தியதும் மங்கு முன்னிலும் கருமையாகத் திரும்பியது. பின்னர் கடன்பட்டு லேசர் சிகிச்சை செய்தார். சில வாரங்களில் மங்கு இருந்த இடம் மேலும் கறுத்தது. திருமணப் படங்களில் அத்தாய் முகம் திருப்பியே நிற்கின்றார்.

இது ஏன் நிகழ்கின்றது? தோலுக்கு நிறந்தருவது மெலனின் என்னும் பொருள். கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை, இவை யாவற்றிலும் மேலாக வெய்யில், அதனைச் சுரக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. எம்மைப் போன்ற கருநிறத்தவரின் தோலில் இக்கலங்கள் இயல்பாகவே விரைந்து செயற்படுபவை. லேசரின் வெப்பமோ கடும் அமிலப் பூச்சோ தோலைப் புண்படுத்தினால், அப்புண்ணுக்கு மறுமொழியாக அவை மேலும் மெலனினைச் சொரிகின்றன. வெண்ணிறத் தோலுக்குப் பொருந்தும் அளவு எமக்குப் பொருந்தாதென்பதை அறிந்த வைத்தியரே இச்சிகிச்சையைச் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்தாலும் மங்கு மீண்டும் வரக்கூடியது. ஒரே தடவையில் நிரந்தரமாக நீக்குவோம் என்று கூறுபவர் உண்மை கூறவில்லை.

கிறீம்களின் கதை இதனிலும் மோசமானது. அடையாளந் தெரியாத வெளுப்புக் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அது தோல்வழி உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவிலுள்ள சிசுவையும் தாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனங்களிற் பாதரசம் தடைசெய்யப்பட்டது. வெளுப்புக்காக ஐதரோகுயினோன் சேர்ப்பதும் 2001 முதல் தடைசெய்யப்பட்டது. வைத்தியரின் சீட்டுடன், அவரது கண்காணிப்பில் மட்டுமே அது மருந்தாகின்றது. பாதரசம் சேர்ந்த அழகுசாதனங்களை 2025 உடன் முற்றாக ஒழிப்பதென 2023 இல் ஜெனீவாவிற் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் தீர்மானித்தன. வேறு சில கிறீம்களில் ஸ்ரெரொயிட் மறைந்திருக்கும். நெடுங்காலம் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நரம்போட்டம் தெரியும்.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? முதலிற் குடும்ப வைத்தியரிடம் சென்று, அவரது சீட்டுடன் தோல்நோய் நிபுணரைக் காணுங்கள். முகத்திற் படரும் கருமை யாவும் மங்கல்ல. மாத்திரை உட்கொள்பவரும் கர்ப்பிணிகளும் அதனை மறைக்காது கூறுங்கள். மொழி இடறினால் இங்கு படித்த பிள்ளைகளை உடனழைத்துச் செல்லுங்கள். வெய்யிற் காப்புக் கிறீமை, மேகமூட்டமான நாளிலும், நாள்தோறும் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கை வளர்ப்பதால், இரும்பு ஒக்சைட்டு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள கிறீம் மேலானது. மாடியில் உடுப்பு உலர்த்தும்போதும், பேருந்துக்குக் காத்து நிற்கும்போதும், ஞாயிறுகளில் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பெலெக்ரினோ மலை ஏறும்போதும் தொப்பியோ குடையோ துணையாகட்டும். பயன் தெரியப் பல மாதங்கள் செல்லும். திருமணத் திகதியை மங்கு அறியாது.

இறுதியாக ஒன்று. மங்கு நோய், கறுப்பு நோயன்று. இவ்விரண்டையும் எமது சமூகம் ஒன்றாக்கிவிட்டது. 1975 இல் இந்தியாவில் அறிமுகமான 'பெயார் அன்ட் லவ்லி' 2020 இல் தனது பெயரை மாற்றிக்கொண்டது. மணமகள் தேடும் எமது விளம்பரங்களோ இன்னமும் 'வெள்ளை நிற' என்றே தொடங்குகின்றன. நாம் தஞ்சமடைந்த இந்நகரோ, ஆபிரிக்க அடிமைகளின் மகனாகப் பிறந்து, சாந்தா மரியா டி ஜேசு மடத்திற் சமையற்காரராக இருந்து, 1589 இல் மறைந்த புனித பெனடிக்ற்றைத் தனது காவலருள் ஒருவராகக் கொண்டுள்ளது. 'கறுப்பர்' என்பதே அவரது பட்டப்பெயர். 2023 யூலையில் தீ அவ்வாலயத்தை அழித்தபோது இந்நகரத்தார் அவருக்காகத் துயருற்றனர்.

நோய்க்கு வைத்தியம் செய்வோம். நிறத்திற்கு வைத்தியம் தேடுவதை விடுவோம். எம் பெண்பிள்ளைகளை மணமேடைக்கு முன் நிறுத்தி நிறம்பார்க்கும் பழக்கத்தை முதலிற் கைவிட வேண்டியவர்கள், பெற்றோராகிய நாமே.