பால் வற்றிய மரமும் பணம்தான்!



"மரம் கெழடாயிடுச்சு, பால் இல்லே, சாய்க்கப் போறாங்களாம்." பெரட்டில் இந்தப் பேச்சு கிளம்பினாலே நம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பால் போனால் மரத்துக்கு மதிப்பும் போச்சு என்று நினைக்கிறோம். அது பழைய கணக்கு.

நம் பாட்டன் காலத்தில் சாய்த்த கித்தா மரம் விறகாய்ப் போனது. அடுப்புக்கும் புகைக் கொட்டகைக்கும் போக மிச்சத்தைக் கொளுத்தினார்கள். இன்று அதே மரம் லோரியேறி நம் ஜொகூரின் மூவாருக்குப் போய், மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி கித்தா மரத்தில் செய்தவை. உள்ளூர்ப் பட்டறைகளுக்கே பலகை பற்றவில்லை என்று, அறுத்த கித்தாப் பலகையின் ஏற்றுமதிக்கு 2017-இல் அரசாங்கம் தடையே போட்டது.

ஆனால் எல்லா மரத்துக்கும் ஒரே விலை இல்லை. வளர்ந்த இடமும் வளர்த்த விதமும் விலையைத் தீர்மானிக்கின்றன. மலைச் சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்தை அறுத்துக் காயவைத்தால் பலகை கோணிக் கொள்ளும். காற்றடிக்கும் இடத்தில் மரம் பாதியில் முறியும். வெள்ளை வேர் நோய் கண்டால் நின்றபடியே சாகும். தள்ளித் தள்ளி நட்டால் கீழேயே கிளை விட்டுப் பலகையில் முடிச்சு விழும். நெருக்கி நட்டால் நெட்டையாய் வளரும், பருமன் இராது. இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். உடனே அறுத்து, போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைத்தால்தான் காசு.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. மரத்தில் பருமனான பகுதி அடிமரம். நாம் இருபது, இருபத்தைந்து வருஷம் கத்தி வைத்ததும் அங்கேதான். கத்தி ஆழமாய் இறங்கி மரத்தைத் தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாய்ப் புடைக்கும், பலகை கெடும். பட்டையை மட்டும் பக்குவமாய்ச் சீவிய கை, பாலையும் காத்தது, பலகையையும் காத்தது. அந்தக் கை யாருடையது?

ஒரு தோட்டத்தில் நாம் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தோம். "இந்தக் கெழட்டு மரத்தால் நஷ்டம்தான்" என்றார் நிர்வாகி. வெளியே வந்தால், வாசலில் அதே மரத்தை ஏற்றிக்கொண்டு லோரி நிற்கிறது! பாலுக்குக் கூலி போட்டார்கள். பலகைக்கு நம் பெயரில் ஒரு காசு எழுதவில்லை.

ஆகவே தோழர்களே, மரம் சாய்க்கும் சேதி வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, அடுத்து என்ன நடப் போகிறார்கள், கித்தாவா செம்பனையா, நமக்கு எந்த வேலை என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு, வேலையில்லை என்று நிறுத்தினால் சும்மா மூட்டை கட்டாதீர்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தவருக்கு எட்டு வாரம் முன்னறிவிப்புத் தரவேண்டும். 1980-ஆம் ஆண்டு விதிப்படி, உழைத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இருபது நாள் சம்பளம் நஷ்டஈடு. இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குப் பதினைந்து நாள். ஒரு வருஷம் முடித்து இரண்டு ஆகாதவருக்குப் பத்து நாள். தோட்டம் கைமாறி, புதிய முதலாளி பழைய சலுகை குறையாமல் வேலை தராவிட்டாலும் இது உண்டு.

மூன்று, சொந்தமாய் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் கண்ட்ராக்டர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டாம். மரத்தை எண்ணுங்கள், அடிமரச் சுற்றளவை அளந்து எழுதுங்கள், இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வெட்டிய பிறகு பேரம் பேசினால் நீலம் பாயும் பயத்தில் நீங்கள்தான் இறங்கி வருவீர்கள். நிற்கும்போதே பேசி முடியுங்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். பால் வற்றிய பிறகும் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது.