பிறர் போரில் நம்மவர்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலின் நிருவாகம் இந்திய இராணுவத்தின் கையில் இருக்கிறது. திருவிதாங்கூர் நாயர் படைக் காலத்திலிருந்து தொடரும் உறவு அது. அக்கோயிலுக்கு எதிரே தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது முதுகலை மாணவர் ஒருவர் கேட்டார்: "அந்த 21 பேரும் ஏன் போனார்கள், அண்ணா?" 2016-இல் கேரளத்திலிருந்து, பெரும்பாலும் காசர்கோட்டிலிருந்து, ஆப்கானிஸ்தானுக்குச் சென்று இஸ்லாமிய அரசு அமைப்பின் கோராசான் பிரிவில் சேர்ந்தவர்களைப் பற்றிய கேள்வி. அன்று முதல் நாம் இந்த ஒன்றையே கேட்டுவருகிறோம். போன இடத்தில் அவர்களை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

தீவிரக் கொள்கை உள்நாட்டுப் போரில் ஓர் அமைப்புக்கு ஆதாயமாகிறது என்று பார்பரா வால்டர் 2017-இல் வாதிட்டார்: உறுதிகொண்டவர்களே வந்து சேர்வார்கள், எளிதில் விலைபோகமாட்டார்கள். ஏற்கிறேன். ஆயினும் அந்த ஆதாயம் தலைமைக்குரியது. கடல் கடந்து வந்தவனுக்கு அங்கே உறவில்லை, நிலமில்லை, ஊர்மொழி தெரியாது, திரும்பும் வழியும் அடைபட்டிருக்கிறது. உள்ளூர்ப் போராளி மனம் மாறினால் மாமன் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்ளலாம். இவன் எந்தக் கதவைத் தட்டுவான்? அவனுடைய விசுவாசம் என்று நாம் அளப்பதில் ஒரு பகுதி வெறும் கதியின்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிரியாவில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. மொராக்கோவினர் 2013-இல் லடாக்கியா பகுதியில் தொடங்கிய ஹரகத் ஷாம் அல்-இஸ்லாம் அமைப்பின் தலைவர் மறு ஆண்டே கொல்லப்பட்டார். செச்சனியர் முன்னின்ற ஜெய்ஷ் அல்-முஹாஜிரீன் வல்-அன்சார் 2013 இறுதியில் பிளந்தது. உமர் அல்-ஷிஷானி ஒரு பகுதியினருடன் இஸ்லாமிய அரசிடம் போனார், எஞ்சியோர் 2015-இல் நுஸ்ரா முன்னணியில் கரைந்தனர். புலம்பெயர்ந்தோரையும் அவர்களுக்கு இடமளித்தோரையும் பெயரிலேயே சமமாக நிறுத்திய அமைப்பு அது. மாறாக, பெருந்திரளாகக் குடும்பத்துடன் இத்லிபில் குடியேறிய உய்குர்களுக்குப் பேரம் பேசும் வலிமை இருந்தது. 2024 டிசம்பரில் அசாத் வீழ்ந்த பின் அவர்களுள் சிலருக்குப் புதிய படையில் உயர்பதவியே கிடைத்தது.

நங்கர்ஹார் மலைகளில் மலையாளம் பேசிய சில குடும்பங்களுக்கு என்ன வலிமை இருந்திருக்கும்? அங்கே அமைப்பை நடத்தியவர்களில் பலர் பாகிஸ்தான் தாலிபானிலிருந்து பிரிந்து வந்தவர்கள். 2020 ஆகஸ்டில் ஜலாலாபாத் சிறையைத் தாக்கியவர்களில் காசர்கோட்டுக்காரர் ஒருவர் இருந்ததாக இந்தியப் புலனாய்வினர் கூறினர். அவ்வாறெனில், உயிரோடு திரும்பத் தேவையில்லாத பணிக்கே அவர் பயன்பட்டிருக்கிறார்.

எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவோர் ஒருபுறம். 2023-இல் ஒரு திரைப்படத்தின் முன்னோட்டம் 32,000 பெண்கள் என்றது. கேரள உயர்நீதிமன்றத்தில் விவகாரம் வந்தபோது தயாரிப்பாளர் அம்முன்னோட்டத்தை நீக்க ஒப்புக்கொண்டார். 21 தானே என்று சொல்லி நகர்ந்துவிடும் நம் முற்போக்கு நண்பர்கள் மறுபுறம். (இதை எழுதுவதால் இரு தரப்பிலும் எனக்கு வசை காத்திருக்கிறது.)

சட்டமும் தடுமாறவே செய்தது. கடையநல்லூரில் கைதான, மோசுல் சென்று திரும்பிய ஒருவருக்கு 2020 செப்டம்பரில் கொச்சி என்ஐஏ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர்மீது நிறுவப்பட்ட குற்றங்களில் ஒன்று, இந்தியாவுடன் நட்பிலுள்ள 'ஆசிய அரசின்' மீது போர் தொடுத்தல். 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. பக்கத்து ராஜ்ஜியங்களை எண்ணிக் காலனி ஆட்சி எழுதிய பிரிவு ஈராக் போருக்குப் பயன்பட்டது. திரும்பி வந்தவரை விசாரிக்க ஒரு பழைய பிரிவாவது இருந்தது. திரும்ப இயலாதவர்களுக்கு அதுவும் இல்லை.

2019 இறுதியில் நங்கர்ஹாரில் சரணடைந்தோரில் இந்தியப் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். காபூல் சிறையில் அடைக்கப்பட்டனர். மகளையும் பேத்தியையும் அழைத்துவரக் கோரிய ஒரு தந்தையின் மனுவை எட்டு வாரங்களில் பரிசீலிக்குமாறு 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் கூறியது. அதற்குள் தாலிபான் காபூலைப் பிடித்து, சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.