வெள்ளத்தில் மூழ்கிய காரை உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

‘‘வீட்டு வாசலில் நின்ற டீசல் கார், வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? எப்படிப் பழுது பார்ப்பது?’’

- வாசகர், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்:

சாவியைத் தொடவே கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோர ஊர்களில் பல வாகனங்கள் மூழ்கின. இப்படி மூழ்கிய வாகனத்தின் இன்ஜின் முற்றிலும் வீணாவது, ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பும் அந்த நொடியில்தான்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது இன்ஜின் சுழன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேல் உள்ள இடம் குறைவு என்பதால், கொஞ்சம் தண்ணீரே போதும்.

முதலில், தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பது தெரியும்படி போட்டோ எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த பழுதுக்கு, இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இல்லையென்றால் பெரும்பாலும் இழப்பீடு மறுக்கப்படும்.

பானெட்டைத் திறக்கும்போது கவனம் தேவை. வெள்ளத்தில் வந்த பாம்பு, தேள் உள்ளே பதுங்கியிருக்கலாம். பிறகு பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்தோ, லாரியில் ஏற்றியோ பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது.

பட்டறையில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். டீசல் காரில் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கையும், பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். டீசல் டேங்கையும் வடித்துக் கழுவ வேண்டும். ஒயர் இணைப்புகளைக் கழற்றி நன்றாக உலர்த்த வேண்டும். இருக்கை, தரைவிரிப்புகளைக் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இன்ஜின் ஓடிய பிறகு, சில நாள்களில் ஆயிலை இன்னொரு முறை மாற்றுவது நல்லது.

டிராக்டருக்கும் இதே முறைதான். ஆயில் உள்ள ஏர் கிளீனராக இருந்தால், அதன் கிண்ணத்தையும் கழுவிப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

அதற்காக வாரக்கணக்கில் போட்டுவைக்கவும் கூடாது, உள்ளே துருப்பிடிக்கும். மெக்கானிக் வரும்வரை பொறுத்தால் ஆயில், ஃபில்டர் செலவோடு முடிய வாய்ப்புண்டு. அவசரப்பட்டால் இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும்.