அம்பிதான் நோயாளி

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. பக்கத்து இலைக்காரர் வங்கியில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டிலோ முறிந்துபோன சம்பந்தத்தைப் பற்றி ரசம் சாதத்துக்கு நடுவே விளக்கினார்: “பையனுக்கு பர்சனாலிட்டி டிஸார்டராம் சார். எப்ப அம்பி, எப்ப அந்நியன்னு யாருக்குத் தெரியும்?” வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சைக்கியாட்ரியில் எம்.டி. முடித்தவர்கள் மாதிரி தலையாட்டினார்கள்.

2005 சித்திரையில் ‘சந்திரமுகி’, ஆனியில் ‘அந்நியன்’. இரண்டு படமுமாகச் சேர்ந்து தமிழ்நாட்டுக்கே மனநல மருத்துவம் கற்றுக்கொடுத்துவிட்டன. ஒரே உடம்பில் இரண்டு மூன்று பேர், கண்ணை உருட்டினால் கொலை. பாடம் அவ்வளவுதான்.

ஆள் மாறாததுதான் ஐயா இந்த பர்சனாலிட்டி டிஸார்டர் என்கிற ஆளுமைக் கோளாறு! இளவயதிலேயே இறுகிப்போன ஒரு சுபாவம், எங்கேயும் வளைந்து கொடுக்காமல், தன்னையும் கூட இருப்பவர்களையும் வருஷக்கணக்கில் வதைப்பது. ‘அந்நியன்’ படத்து அம்பி ரெமோவாகி, அந்நியனாகி முடியை முன்னால் தள்ளிக்கொள்கிற சங்கதி வேறு வகை நோய். ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்ற பெயரையே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் மாற்றிவிட்டது. 11 வருஷம் கழித்து நம் படத்து டாக்டர் அதே பழைய பெயரில் வகுப்பெடுக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான ஆளுமைக் கோளாற்றுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஆள் அந்தப் படத்திலேயே இருக்கிறார். அம்பி. அவர் காதலிக்கிற நந்தினி பத்திரப் பதிவில் நிலத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டப் பார்க்க, அங்கேயே முரண்டு பிடிக்கிறாரே, அந்த அம்பி. விதிதான் மூச்சு, தான்தான் சரி, ஊரே தப்பு. மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற பத்து ஆளுமைக் கோளாறுகளில் அப்ஸெஸிவ் கம்பல்சிவ் என்று ஒன்று உண்டு (ஓயாமல் கை கழுவுகிற ஓசிடி வேறு). அதன் அடையாளங்களை அம்பியிடம் ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் அவரை நோயாளி என்று யாராவது சொன்னதுண்டா? படம் அவரை நல்லவர் என்கிறது. விசிலெல்லாம் அந்நியனுக்குப் போகிறது.

வீட்டிலும் அதே கதை. மளிகைக் கணக்கில் அஞ்சு ரூபாய் இடித்தால் ராத்திரி பன்னிரண்டு வரை மனைவியை நிற்கவைத்து விசாரிக்கிற அம்பிகள் எத்தனை பேர்! அவர்களுக்கு நாம் வைத்த பெயர் ‘கண்டிப்பானவர்’. அந்த வீட்டுச் சம்பந்தத்துக்கு வரிசையில் நிற்பார்கள். டாக்டரிடம் போனவனுக்குத்தான் பெண் கிடையாது.

இதில் இன்னொரு அநியாயம், சின்ன வயதுக் கொடுமைக்கும் தொடர் கொலைக்கும் போட்ட முடிச்சு. ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘ஆளவந்தான்’ (2001), ‘நடுநிசி நாய்கள்’ (2011) என்று தமிழ் சினிமா அந்த முடிச்சை அவிழ்க்கவே இல்லை. பிள்ளைப் பிராயத்தில் சித்திரவதைப்பட்டு, பிறகு ஒரு எறும்பைக்கூட மிதிக்காமல் குடும்பம் நடத்துகிறவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து இதையும் பார்க்கவேண்டும். வேண்டாம் என்ற பெண்ணை நாலு பாட்டுக்கு விரட்டுகிறவனுக்கு மட்டும் எந்தக் கோளாறும் கிடையாது. அவன் ஹீரோ. சிகரெட் பற்றவைத்தால் எச்சரிக்கை வாசகம் ஓடுகிறது, மாடு வந்தால் துன்புறுத்தவில்லை என்று கார்டு போடுகிறார்கள். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி ஜோக்குக்கு மட்டும் ஒரு கார்டும் இல்லை.

‘அந்நியன்’ கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? சிகிச்சை முடிந்து, கல்யாணமும் ஆகி, ஓடுகிற ரயிலிலிருந்து ஒருவனைத் தள்ளிவிடுகிறார் அம்பி. அதற்கும் கைதட்டினோம்.

மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுமுன் அவர்கள் தரப்பையும் கேளுங்கள் என்று ஒரு இந்திப் பட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையிலேயே வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. கதை டிஸ்கஷனுக்கு மாதக்கணக்கில் ரூம் போடுகிற இயக்குநர்களே, அதில் ஒரு மத்தியானம் ஒரு மனநல மருத்துவரையும், சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலைக்குப் போய்வருகிற ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சாப்பாட்டுச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.