ஜோஷிமட்: வாய்ப்பூட்டு யாருக்கு?

உத்தராகண்டில் நிலம் தாழ்ந்து விரிசல் விட்ட மலை நகரமான ஜோஷிமட் குறித்து அரசின் ஆய்வு நிறுவனங்கள் இனி ஊடகங்களிடம் பேசக் கூடாது, சமூக வலைதளங்களில் தரவுகளை வெளியிடக் கூடாது என்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2023 ஜனவரி 13 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. அனுப்பிய சூட்டிலேயே, ஹைதராபாதில் உள்ள இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையத்தின் இணையதளத்திலிருந்து ஜோஷிமட் அறிக்கை காணாமல் போனது. காரணம் கேட்டால் 'குழப்பம்' என்றார்கள். நிறுவனங்கள் ஆளுக்கொரு விளக்கத்தோடு தகவல் தருவதால் பாதிக்கப்பட்டவர்களும் நாட்டு மக்களும் குழம்பிப் போகிறார்களாம்.

குழம்பியது யார்? ஜனவரி 2 இரவு மார்வாரி பகுதிக் குடியிருப்பில் மண்ணைப் பிளந்துகொண்டு சேற்றுநீர் பீறிட்டபோது அங்கே இருந்தவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. சிங்தாரிலும் மனோகர்பாகிலும் காந்திநகரிலும் வீட்டுச் சுவர் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கும் இல்லை. விரிசல் கண்ட கட்டடங்கள் ஜனவரி நடுப்பகுதிக்குள் 700-ஐத் தாண்டின. எலும்பை நடுக்கும் குளிரில் கைக்குழந்தைகளோடும் வயதானவர்களோடும் முகாம்களில் கிடந்த அந்த மக்கள் 2021-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே விரிசல்களைக் காட்டி முறையிட்டு வந்தவர்கள். ஊர் எவ்வளவு வேகமாகத் தாழ்கிறது, எந்தத் தெரு முதலில் போகும், திரும்பி வந்து குடியிருக்க முடியுமா என்பதே அவர்களுடைய கேள்வி. மாவட்ட நிர்வாகத்திடம் பதில் இல்லை, மாநில அரசிடமும் இல்லை. எண்ணோடு கூடிய பதில் விண்வெளியிலிருந்து வந்தது. அதைத்தான் எடுத்துவிட்டார்கள்.

அந்த அறிக்கையில் அப்படி என்னதான் இருந்தது? 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரையான ஏழு மாதங்களில் ஜோஷிமட் அதிகபட்சம் 8.9 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. டிசம்பர் 27-க்கும் ஜனவரி 8-க்கும் இடைப்பட்ட 12 நாட்களில் மட்டும் 5.4 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. சரிவின் உச்சி ஜோஷிமட் - அவுலி சாலையருகே 2,180 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாழும் பகுதிக்குள் ராணுவ ஹெலிபேடும் நரசிம்மர் கோயிலும் வருகின்றன. இவ்வளவுதான். யார் மீதும் குற்றச்சாட்டு கிடையாது, எந்தத் திட்டத்தின் பெயரும் கிடையாது. ஆனால் ஏழு மாதக் கணக்கையும் 12 நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எட்டாம் வகுப்புக் கணிதம் போதும். மெல்ல நகர்ந்துகொண்டிருந்த மண் திடீரென்று பல மடங்கு வேகம் பிடித்திருக்கிறது. படுக்கையை மடித்துக்கொண்டு எப்போது கிளம்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு குடும்பத்துக்கு இதைவிட அவசியமான தகவல் வேறு உண்டா?

அது முதல்நிலை அறிக்கைதான். செயற்கைக்கோள் ரேடார் கணக்கைக் களத்தில் அளந்து சரிபார்க்க வேண்டும் என்பதிலும் தவறில்லை. எண் பிழை என்றால் திருத்தம் வெளியிடட்டும். ஓர் ஆண்டில் ஆறரை செ.மீ. என்று டேராடூனின் இந்திய தொலையுணர்வு நிறுவனம் சொன்னதற்கும் இதற்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்டால், காலமும் முறையும் வேறு என்று விஞ்ஞானிகளே இரண்டு வரியில் விளக்கிவிடுவார்கள். திருத்தமும் இல்லை, மறுப்பும் இல்லை. அறிக்கையே இல்லை. அறிக்கையின் படங்களை நீக்கச் சொன்னது தான்தான் என்று மாநில அமைச்சர் ஒருவர் கூச்சமில்லாமல் சொன்னார். அளவீடு தவறு என்று அவர்கூடச் சொல்லவில்லை, பீதி கிளம்புகிறதாம்.

இந்தத் தடையில் இன்னோர் அபத்தமும் உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் தரவு உலகில் யாருக்கும் இலவசம். லண்டனிலோ டோக்கியோவிலோ உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் அதைத் தரவிறக்கி, ஜோஷிமட் எவ்வளவு தாழ்ந்தது என்று கணக்குப் போட்டு, இன்றைக்கே வெளியிடலாம். வெளியிடுவார்கள். அந்த மலையில் ஏறி இறங்கிய, அந்தப் பாறையைக் கையில் எடுத்துப் பார்த்த டேராடூன் புவியியலாளரும் ரூர்க்கி நீரியலாளரும் மட்டும் வாய் திறக்கக் கூடாது. மக்களின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் நம் விஞ்ஞானியிடம் கேட்க முடியாததை அந்நியர் ஒருவரின் சமூக வலைதளப் பக்கத்தில் தேடிப் படிக்க வேண்டும் என்றால், குழப்பத்தை வளர்ப்பது யார்? அதிகாரபூர்வமான எண் இல்லாத இடத்தை வாட்ஸ்அப் நிரப்பும் என்பது கொரோனா காலத்தில் நாம் பட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி.

ராக்கெட் கிளம்பும் நாளில் ஸ்ரீஹரிகோட்டா விஞ்ஞானிகளோடு படம் எடுத்துக்கொள்ள முண்டியடிக்காத அரசியல்வாதி இல்லை. அதே இஸ்ரோவின் செயற்கைக்கோள் பிடிக்காத படத்தை அனுப்பினால் மட்டும் தொலைபேசி பறக்கிறது.

சுற்றறிக்கை அனுப்பிய ஆணையத்தின் பிறப்பைத் தமிழர்கள் மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கி, அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் கரையில் இருந்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது, அந்தச் சட்டத்தின் வழியே இந்த ஆணையம் அமைந்தது. தகவல் வந்து சேராததால் செத்தவர்களின் பேரால் உருவான அமைப்பு, தகவல் போய்ச் சேரக் கூடாது என்று உத்தரவு போட்டது. வேளாங்கண்ணியிலும் அக்கரைப்பேட்டையிலும் இதைப் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று டெல்லியில் யாராவது ஒரு நிமிடம் யோசித்தார்களா?

யோசித்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய பழைய கணக்கைப் புரட்டினால் அது தெரியும்.

ஜோஷிமட் பாறைமேல் நிற்கும் ஊரில்லை, பழைய நிலச்சரிவின் மண்ணும் கல்லும் குவிந்த மேட்டின் மேல் நிற்கும் ஊர் என்று 1976-இலேயே அரசு அமைத்த எம்.சி. மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்தது. கனரகக் கட்டுமானம் வேண்டாம், வெடி வைத்துக் கல் பெயர்க்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், வடிகால் அமைக்க வேண்டும் என்றது. வடிகால் 2023 வரை ஒழுங்காக அமையவில்லை. அடுக்குமாடி ஓட்டல்கள் வந்தன. பக்கத்திலேயே 520 மெகாவாட் தபோவன் - விஷ்ணுகாட் நீர்மின் திட்டம் வந்தது. 2009 டிசம்பரில் அதன் சுரங்கம் தோண்டும் இயந்திரம் நிலத்தடி நீரூற்று ஒன்றைக் குத்திக் கிழித்தது. நொடிக்கு 700 முதல் 800 லிட்டர் வரை நீர் கொட்டியது. அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்களின் விஞ்ஞானிகள் இருவரே 2010-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஜோஷிமட்டுக்கு ஆபத்து வருகிறது என்று வெளிப்படையாக எழுதினார்கள். இந்தச் சுற்றறிக்கை அன்று இருந்திருந்தால் அந்தக் கட்டுரையும் வந்திருக்காது. எங்கள் சுரங்கம் ஊருக்கு அடியில் போகவில்லை என்றது அந்தத் திட்டத்தின் மின் நிறுவனம். உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் சுயமான புவியியலாளர், அவர் வாயைத்தான் கட்டிவிட்டார்கள்.

2013 கேதார்நாத் பெருவெள்ளத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த ரவி சோப்ரா குழு, ஆய்வு செய்த 24 நீர்மின் திட்டங்களில் 23 வேண்டாம் என்றது. அந்த அறிக்கை எந்த அலமாரியில் தூங்குகிறதோ! உத்தராகண்டின் நான்கு புனிதத் தலங்களை இணைக்கும் சார்தாம் நெடுஞ்சாலை சுமார் 900 கி.மீ. நீளம். நூறு கி.மீ. தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும் என்பதால் அதை 53 துண்டுகளாக்கிக் காட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகூட இப்படி ஏமாற்ற வெட்கப்படும். அந்தச் சாலைக்கான குழுவுக்கும் தலைவராக இருந்த சோப்ரா, சொன்னது எதுவும் ஏறவில்லை என்று 2022-இல் விலகிக்கொண்டார்.

பனியாறுகளின் கதை இன்னும் மோசம். பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தை 2008-இல் அறிவித்தபோது எட்டு இயக்கங்களில் ஒன்றை இமயமலைச் சூழலுக்கு என்று ஒதுக்கினார்கள். 2009-இல் டேராடூனின் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்தில் பனியாற்று ஆய்வு மையம் தொடங்கினார்கள், தேசிய நிறுவனமாக வளர்ப்போம் என்றார்கள். 2020-இல் அதை இழுத்து மூடினார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று ஜோஷிமட்டுக்கு மேலே ரோந்தி மலைமுகட்டிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்காவிலும் தபோவனிலும் 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மையம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டோம். மூடியது ஏன் என்று கேட்கும் உரிமையாவது செத்தவர்களின் வீட்டாருக்கு உண்டு.

பிடிக்காத எண்ணைப் புதைப்பது மலைக்கு மட்டுமான வழக்கமும் இல்லை. வேலையின்மை 6.1 விழுக்காடு என்ற அறிக்கையைத் தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புக்கொண்ட பிறகும் 2019 தேர்தல் முடியும்வரை பூட்டி வைத்தார்கள். ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவி விலகினார்கள். அதே ஆண்டு நவம்பரில், 2017-18 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு தரமில்லை என்று சொல்லி மொத்தமாகக் கைகழுவினார்கள். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஊரடங்கின் நடுவே வெளியிட்டு, அதையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டு, தமிழில் தரச் சொன்ன நீதிமன்றத்தோடு மல்லுக்கு நின்றார்கள். எண்ணூர் மீனவருக்குப் புரிந்துவிட்டால் அவரும் குழம்பிவிடுவார் போலும்!

இதில் கட்சி பார்க்க ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த காட்கில் குழு அறிக்கை 2011 ஆகஸ்ட் 31 அன்று அரசின் கைக்குப் போனது. அப்போது ஆண்டவர்கள் வேறு. அவர்களும் அதை அமுக்கினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவருக்குக் கொடு என்று மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட, தர மாட்டோம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடி, அங்கேயும் தோற்று, 2012 மே மாதம்தான் வெளியே விட்டார்கள். வெளியே வந்ததும் அதை நீர்க்கச் செய்ய இன்னொரு குழு. நீலகிரியும் வால்பாறையும் அடங்கிய அந்த மலைக்கு 2023 தொடக்கம்வரை இறுதி அறிவிக்கை வரவில்லை. 2022 ஜூலையில்தான் ஐந்தாவது வரைவு வந்தது. ஆட்சி மாறும், மேசைக்குப் பின்னால் இருக்கும் புத்தி மாறாது.

ஜோஷிமட்டில் நிபுணர் குழு ஆய்வு செய்கிறது, முடிவு வரும்வரை பொறுங்கள் என்றார்கள் 2023 ஜனவரியில். 1976 அறிக்கையிலிருந்து 47 ஆண்டுகளாக ஊர் மக்கள் பொறுத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை தெரிந்தவர்களால்கூட ஊரே இறங்குவதை மறைக்க முடியாது. அந்தக் குழுவின் அறிக்கையும் 'குழப்பம்' என்ற பெயரில் பூட்டப்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம் இருந்தது? எதுவுமில்லை. சொல்லப்போனால், இந்தச் சுற்றறிக்கையே அதற்கான முன்னோட்டம்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். எடுத்த அறிக்கையை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வின் முடிவு எந்த அமைச்சரின் விருப்பு வெறுப்புக்கும் காத்திராமல் மக்களைச் சேர வழி செய்ய வேண்டும். சட்டமோ விதியோ, எப்படிச் செய்வது என்பதை ஆள்பவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.  தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சுனாமி கண்ட மாநிலத்திலிருந்து போகிறவர்கள். ஜோஷிமட் அறிக்கையை யார் எடுக்கச் சொன்னார்கள் என்ற கேள்வியை அவர்கள் எழுப்ப வேண்டும். பெயரோடு பதில் வரும்வரை உட்காரக் கூடாது.